லில்லிபாய்க்குப் பக்கத்து இடம்

"பாறசாலை வந்ததும் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நேராகப் போய் இறங்கியிருப்பேன். கேட்கவில்லை. களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் பேருந்து என்னை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. எதிரில் நின்ற கேரளப் பேருந்தின் நெற்றியில் மலையாளம் உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது. ஏறி உட்கார்ந்து பாறசாலைக்கு டிக்கெட் மட்டும் வாங்கினேன். நடத்துநர் ஒரு பெண். அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, எதற்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அறுபதைத் தாண்டிய கிழவியான பிறகும் என் லட்சணம் இதுதான்.

கண்மேலும் கொஞ்சம் பழி போடலாம். கண்புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து எல்லா நிறமும் கழுவித் துடைத்துவைத்த மாதிரி தெரிகிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் கழுவினாலும் துடைத்தாலும் கரிசலும் கருவேலமும்தான். இங்கே பச்சை கொட்டிக் கிடக்கிறது. வாழை, ரப்பர், தென்னை, நடுவில் ஓர் ஓட்டு வீடு, அதை ஒட்டி மறுபடி வாழை. எங்கள் பக்கம் ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர் வரும்வரை வெறும் பொட்டல், ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கூட இறங்கலாம். இங்கே ஊர் முடிவதே இல்லை. எது பாறசாலை, எது அதற்கடுத்தது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதில் நெய்யாற்றின்கரை வந்துவிட்டது.

நான் போய்க்கொண்டிருந்தது லில்லிபாயின் வீட்டுக்கு. பாறசாலையிலிருந்து காரோடு என்கிற ஊருக்குப் போகும் வழியில் அவள் ஊர். மஸ்கட்டில் ஒரு பள்ளி விடுதிச் சமையலறையில் நானும் அவளும் வருஷக்கணக்கில் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள், ஒரே அறையில் படுத்தவர்கள். அவள் போய்விட்டாள். அடக்கத்தன்று நான் கண்ணில் கட்டோடு கிடந்தேன். குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அழவே கூடாது என்று டாக்டர் மிரட்டி வைத்திருந்தார். அழாமலே இருந்துவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நாற்பதாம் நாள் ஜெபத்துக்காவது போக வேண்டும் என்று கிளம்பியபோதுதான் அவள் மகள் ஷீபா போன் செய்தாள்.

"சின்னம்மே, ஜெபம் முடிஞ்சதும் மறுநாள் மேசிரி கல்லறை கெட்ட வருவாரு. அம்மை ரெண்டாளுக்கு டைலு வாங்கி வச்சிருக்கு. பக்கத்து இடம் ஒங்களுக்காக்கும். எனக்குத் தெரியும். ஆனா அப்பா அது எனக்குன்னு இருக்காரு. நான் சொன்னா எடுபடாது. நீங்க வந்து ஒங்க வாயால கேக்கணும்."

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேசிரி என்றால் கொத்தனார். இறந்தவர்களை வீட்டு மனையிலேயே அடக்கம் செய்கிறவர்கள் அங்கே நிறைய. லில்லிபாயின் மனை ஐந்து சென்ட். அதில் வீடு, கிணறு, ஓர் அயினி மரம் போக அடுக்களைக்குப் பின்னால் இரண்டு பேர் படுக்க இடம் உண்டு. ஒன்றில் லில்லிபாய் படுத்துவிட்டாள். இன்னும் ஒரே ஓர் இடம். அதை நான் கேட்க வேண்டுமாம். நானா? புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் போய் மூக்கை நுழைப்பதா? ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டு, கல்லறையைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினேன்.

நெய்யாற்றின்கரையில் பசி கண்ணைக் கட்டியது. பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் ரசவடை என்று ஒன்று வைத்தார்கள், ரசத்தில் ஊறிப் பொதபொதவென்று இருந்தது. குடிக்க வெந்நீர் ரோஜா நிறத்தில் வந்தது. ஐயையோ, லென்ஸில் ஏதோ கோளாறு என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மறு கண்ணிலும் ரோஜா நிறம்தான். பக்கத்து மேசைக்காரர் தன் டம்ளரை உயர்த்திக் காட்டினார். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். நிம்மதியாகக் குடித்தேன்.

திரும்பிப் போக எந்தப் பேருந்து என்று அங்கேயும் கேட்கவில்லை. கையில் பெரிய துணிக்கட்டோடு ஒரு பெண் ஏறினாள், முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பாறசாலைக்குத்தான் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்னால் ஏறினேன். அவள் இறங்கிய இடத்தில் இறங்கினேன். அது திருப்புறம். பூவார் போகிற வழி. மழை தூற ஆரம்பித்தது. பேருந்து போய்விட்டது. அந்தப் பெண் குடையை விரித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"யார் வீட்டுக்கு, அக்கா?" என்று மலையாளத்தில் கேட்டாள். அந்த அளவுக்கு எனக்கு மலையாளம் புரியும், லில்லிபாயின் உபயம்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! பாலராமபுரத்திலிருந்து கைத்தறிப் புடவை வாங்கிவந்து வீடு வீடாக விற்பவளாம். "வேறு திசையில் வந்திருக்கிறீர்கள். ஏறும்போது ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே?" என்றாள். பிறகு என் போனை வாங்கி ஷீபாவிடம் பேசினாள், ஆட்டோக்காரருக்கு வழி சொன்னாள், மழை என் கண்ணில் படாமல் ஆட்டோ வரை குடை பிடித்தாள். ஒரு புடவையாவது வாங்கியிருக்கலாம். அதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டோ நனைந்த வாழைகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. வாய் திறக்காததற்கு லில்லிபாய் என்னைத் திட்டாத நாள் கிடையாது. "எனக்க முத்து, தெய்வம் நாக்கு தந்தது மீன்முள்ளு எடுக்க மட்டுமாக்கும்னு நெனச்சியா? கேளு மக்கா, கேளு!" என்பாள். நான் கேட்க மாட்டேன். கடைசியில் அவளே போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

மஸ்கட்டில் ஒரு தடவை இறைச்சி டப்பாக்கள் குறைகின்றன என்று மேற்பார்வையாளன் என்னைத் திருடி என்றான். நான் தலையைக் குனிந்து நின்றேன். லில்லிபாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பையெல்லாம் அணைத்தாள். சமையலறை வாசற்படியில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இவகிட்ட மன்னிப்பு கேட்டாத்தான் இன்னைக்குச் சோறு" என்று அவள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்தபோது புரிந்துவிட்டது. அவன் மன்னிப்புக் கேட்டான். "என்னட்ட எதுக்கு? அவகிட்ட கேளு" என்று விரலை என் பக்கம் நீட்டினாள். நான் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷீபா வாசலுக்கே ஓடி வந்தாள். அம்மாவின் தாடை, அம்மாவின் நடை. "சின்னம்மே, நனஞ்சா வந்திய?" என்று முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். உள்ளே நுழையும்போது, அவர்கள் திண்டு என்று சொல்கிற முன் திண்ணையில் ஒரு கிழவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இவர்தான் தாசையன், லில்லிபாயின் புருஷன். ஷீபா தவழ்ந்துகொண்டிருந்தபோது பூவார் பக்கம் வேறொருத்தியோடு போனவர். அவள் செத்து, அவள் பிள்ளைகள் துரத்திவிட்ட பிறகு, போன வருஷம் ஒரு பையோடு திரும்பி வந்தாராம்.

"அம்மை சோறு குடுத்துது. திண்டுல பாயும் குடுத்துது. உள்ள மட்டும் கேற விடல்ல" என்றாள் ஷீபா.

அன்று ராத்திரிச் சாப்பாடு மரச்சீனிக்கிழங்கும் மத்திக் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்து இதுதான் சாப்பாடு என்றால் விருந்தாளி கோபித்துக்கொள்வார். இங்கே நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். லில்லிபாய் மஸ்கட்டில் இதே குழம்பை எந்த மீன் கிடைத்தாலும் அதில் வைப்பாள், இந்த ருசி ஒருநாளும் வந்ததில்லை. குடம்புளி வேண்டும் என்று புலம்புவாள்.

மறுநாள் காலையில் அடுக்களை ஜன்னல் வழியாகக் கல்லறையைப் பார்த்தேன். இன்னும் மண் மேடுதான். மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேலே ஷீபா வைத்த செம்பருத்தி. பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் சுத்தமாகச் செதுக்கிய இடம். சுவரோரமாக அட்டைப் பெட்டிகளில் டைல் அடுக்கியிருந்தது. ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். நீலம். எங்கள் மஸ்கட் சமையலறைச் சுவரில் இருந்த அதே நீலம்! எண்ணெய்ப் பிசுக்குப் போக நானும் அவளும் வருஷக்கணக்கில் தேய்த்தது. இந்தக் கண்ணுக்கு அது கடல் மாதிரி தெரிந்தது. எத்தனை கடையில் ஏறி இறங்கியிருப்பாளோ.

"காலைலயும் உச்சைக்கும் நான் இஞ்ச நின்னு பாத்திரம் கழுவணும், சின்னம்மே" என்றாள் ஷீபா. "சன்னல் வழியா அம்மையப் பாக்கலாம்னுதான் ஒரு சமாதானம். அதுக்க பக்கத்துல அவரையும் பாக்கச் சொன்னா எனக்கு இந்த அடுக்களை வேண்டாம். பள்ளிக்கூடத்துல அப்பனுக்க ஒப்பு வேணும்னு என்ன வெளிய நிறுத்தினப்ப எங்க இருந்தாரு இவரு? அம்மை லீவுல வந்து ஹெட்மாஸ்டருக்க மேசையில அடிச்சு, 'அப்பனும் நான்தான், ஒப்பும் நான்தான்'னு போட்டுட்டு வந்துது."

அந்தக் கையெழுத்துக் கதை எனக்கும் தெரியும். லீவு முடிந்து வந்து எங்கள் அறையில் அதை நடித்தே காட்டியிருக்கிறாள். நீ அழைத்தது எனக்குப் புரிகிறது, ஆனால் என்னால் முடியாது ஷீபா என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குக்கூட வாய் வரவில்லை.

சோறு வைக்க ஷீபா அரிசியை முறத்தில் கொட்டினாள். ஒரு கைப்பிடி அள்ளி மூலையில் இருந்த டப்பாவில் போட்டாள். பிடியரிசி. அங்கே சபைப் பெண்கள் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி கோயிலுக்கென்று எடுத்து வைப்பார்கள், வாரம் ஒரு நாள் கோயிலிலிருந்து வந்து வாங்கிப்போவார்கள். லில்லிபாய் மஸ்கட்டிலும் ஒரு பால்பவுடர் டப்பாவில் இதைச் செய்துகொண்டிருந்தாள். விடுதிச் சோற்றில் எங்களுக்குப் பங்கு கிடையாது. எனக்குச் சம்பளம் நின்றுபோன சமயத்தில் பட்டினியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த டப்பாவைக் கவிழ்த்து எனக்குக் கஞ்சி வைத்தாள்.

"ஐயோ, சாமிக்கு வச்சதாச்சே!" என்று பதறினேன்.

"நீ குடி. கர்த்தரு கேட்டா நான் பறஞ்சுக்கிடுவேன்" என்றாள். அவரிடமும் எனக்காக இவள்தான் பேச வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஜெபம். முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். போதகர் மலையாளத்தில் ஜெபித்தார், கூட்டம் தமிழில் ஆமென் சொன்னது. கீர்த்தனையின் முதல் அடி ஒரு மொழியிலும் அடுத்தது இன்னொன்றிலும் வந்த மாதிரி இருந்தது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மழை ஓய்ந்து எல்லா இலையும் சொட்டிக்கொண்டிருந்தது. குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு சொட்டையும் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. லென்ஸ் பண்ணுகிற வேலை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டுக்கு நடுவே அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் லில்லிபாய் பால் விடாத கட்டன்சாயாவோடு வரப்போகிறாள் என்றே இருந்தது. வந்தது ஷீபா. அவலும் ஏத்தன்பழமும் கொடுத்தாள்.

தாசையனின் அக்கா ஞானபாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீதான அந்தப் பாண்டிக்காரி? அவ எப்பளும் ஒன்னச் சொல்லிட்டே இருப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்பாகத்தான் பிடித்தாள், எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அவர்களுக்குப் பாண்டிதான். "கேட்டியா, எனக்க தம்பி தப்பு செய்தவனாக்கும். ஓ, நான் சம்மதிக்கேன். ஆனா கெட்டின மாப்பிள. நாளைக்கு மேசிரி வரும்பம் நீ ஒண்ணும் எடையில கேறிப் பேசாத. ஒனக்கு எதுக்கு பிள்ள இந்தப் பொல்லாப்பு?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்! தூரத்தில் ஷீபா அதைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த தட்டோடு உள்ளே போனவள் அப்புறம் வெளியே வரவில்லை.

படுக்கையில் லில்லிபாயின் தலையணையைத்தான் ஷீபா எனக்குக் கொடுத்திருந்தாள். மஸ்கட் அறையில் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே பெட்டிகள் போக நிற்கவும் இடம் கிடையாது. என் காலடியில் ஒரு மர அலமாரி. காலை மடக்கித்தான் படுப்பேன். "அறை மாத்திக் கேளு" என்பாள். கேட்கவில்லை. எங்கள் ஊரை விட்டுப் போய்க் காலை மடக்கிக்கொண்டே அத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டே கனவுக்குள் போனேன். கனவில் நீலச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்க்கத் தேய்க்கச் சுவர் நீண்டுகொண்டே போனது.

மேசிரி விடிந்ததும் வந்துவிட்டார். காதில் பென்சில், கையில் கயிறும் மட்டக்கோலும். ஞானபாய், தாசையன், நான், எல்லோரும் பின்பக்கம் நின்றோம். ஷீபா அடுக்களைக்குள் இருந்தபடியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணா, ரெட்டையா?" என்றார் மேசிரி.

"ரெட்டையாட்டு கெட்டும்" என்றாள் ஞானபாய். "மத்தது இவனுக்கு. இந்தாளுக்க நீளம் அளந்துக்கிடும்."

மேசிரி கயிற்றை உதறிக்கொண்டு தாசையன் பக்கம் வந்தார். ஜன்னலைப் பார்த்தேன். லில்லிபாயின் தாடை அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை இடத்தில் இவள் அம்மா எனக்காகக் கத்தியிருப்பாள், ஒரே ஓர் இடத்தில் நான் கத்தக் கூடாதா என்று எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

"அந்த இடம் எனக்கு" என்றேன்.

சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும். மேசிரியின் கை அப்படியே நின்றது.

"என்னது?" என்றாள் ஞானபாய்.

"எனக்குன்னு அவ வச்ச இடம். எனக்கு வேணும். யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்."

"ஏண்டி, நேத்து மண்டைய ஆட்டினியே! நீ இந்துவாக்கும். ஒன்ன ஒனக்க ஊருல எரிச்சில்லியா போடுவினும்? பின்ன ஒனக்கு எதுக்கு குழி?"

"எரிக்கட்டும். சாம்பலா வாறேன்" என்றேன். அவர்கள் பேச்சே என் வாயில் வந்துவிட்டது. மகனிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதையெல்லாம் அப்போது நினைக்கவே இல்லை.

மேசிரிக்குத் தொழில் கவலை. "சாம்பலுக்கு ஒரு சாணு குழி போருமே அம்மா. டைலு மிச்சம் வருமே" என்றார்.

"ஒரு சாண் வேண்டாம். முழு நீளம் கட்டுங்க. நான் கால நீட்டிப் படுக்கணும். டைல் ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது."

ஜன்னலில் ஷீபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஞானபாய் கையை வீசிக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள். "நீ பேசேன்டே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

தாசையன் என்னைத்தான் பார்த்தார். மெல்ல அயினி மரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு பேசினார்.

"அவங்களுக்கே கெட்டும், மேசிரி. நான் ஒரு காரியத்த மறைச்சு வச்சுட்டேன். அவ ஆசுபத்திரிக்குப் போகும்பம் திண்டுக்கு வந்து எனக்கிட்ட சொன்னா. நான் திரும்பி வந்த பிறகு அவ எனக்கிட்ட பேசினது அந்த ஒரு நாளுதான். 'முத்து வந்து வாயத் தொறந்து கேட்டா இடம் அவளுக்கு. கேக்கல்லன்னா நீரு எடுத்துக்கிடும்'னு சொன்னா. ஒங்களப் பத்தி அவ ஷீபாட்ட சொல்லிக் கேட்டிருக்கேன். நீங்க கேக்க மாட்டியன்னு ஒரு தைரியத்துல இருந்துட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கு, அண்ணே?" என்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சபைக்க கல்லறைத் தோட்டம் உண்டு. நடந்து போற தூரமாக்கும்" என்றார். எழுந்து மேசிரியின் கயிற்று நுனியை வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். "நேரா நில்லுங்க. அளக்கணும்."

நேராக நின்றேன். கயிறு என் உச்சந்தலையிலிருந்து இறங்கியது. அவர் குனிந்து என் பாதத்தடியில் அதை அழுத்திக்கொண்டு, மறந்துபோனது ஏதோ நினைவுக்கு வந்தவர் போலத் தலையைத் தூக்கினார்.

"நான் அவட்ட கேட்டேன், கேட்டியளா. அவங்க கேக்கவே மாட்டாங்கன்னு நீதான சொல்லுத, பின்ன எதுக்கு ரெண்டாளுக்கு டைலு வாங்கிப்போட்டன்னு. 'இந்த ஒண்ணையாவது கேப்பா'ன்னு சொல்லிட்டுப் போனா."

டாக்டர் சொன்னபடி கண்ணைக் கசக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது, விட்டுவிட்டேன். மேசிரி முழு நீளத்துக்குக் கோடு போட்டார்.